ஓஃப் வைட்டா, ஐவரியா, லைட் கிரேயா? மலைநாட்டு வீட்டுக்கு வெளிர் நிறம் தேடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இலங்கை மலைநாட்டில், ஹட்டனில் ஒரு ஹாட்வெயார் கடையில் கலர் மெஷினுக்குப் பக்கத்தில் நிற்பது என் வேலை. கடும் நீலமோ கடும் பச்சையோ கேட்டு வருகிறவர்கள் ஐந்து நிமிடத்தில் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். வெள்ளைக்குக் கிட்டின நிறம் கேட்டு வருகிறவர்கள்தான் பெயின்ட் கம்பனியின் நிற அட்டையைப் பிடித்துக்கொண்டு அரை மணித்தியாலம் நிற்பார்கள், வீட்டுக்குப் போவார்கள், அடுத்த சனிக்கிழமை திரும்பவும் வருவார்கள். அவர்கள் கேட்பதைக் கேட்ட மாதிரியே கீழே எழுதியிருக்கிறேன்.

"அண்ணே, ஓஃப் வைட், ஐவரி, கிரீம், மெக்னோலியா எல்லாம் ஒண்ணுதானே? எதுக்கு இத்தன பேரு?"

ஒன்றில்லை. ஆனால் பேரை நம்பவும் வேண்டாம். பேர் வைப்பது கம்பனி. ஒரு கம்பனியின் ஐவரி இன்னொரு கம்பனியின் கிரீமைவிட மஞ்சளாக இருக்கலாம். அட்டையில் நிறத்துக்குக் கீழே அச்சடித்திருக்கும் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு வாருங்கள். "ஐவரி குடுங்க" என்று மட்டும் கேட்டால் நான் நினைக்கும் ஐவரி வேறு, நீங்கள் நினைக்கும் ஐவரி வேறு.

இவை எல்லாமே வெள்ளை பேஸில் சில துளி சாயம் விழுந்தவைதான். எந்தச் சாயம் விழுந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மஞ்சளோடு கொஞ்சம் சிவப்பு விழுந்தால் கிரீம் பக்கம் போகும். வெறும் கறுப்பு விழுந்தால் கிரே, ஆனால் அதில் நீலம் அடிக்கும். மஞ்சளும் கறுப்பும் சேர்ந்தால் பச்சை அடிக்கும். சில "பிஸ்கட்" நிறங்கள் சுவரில் பாசி மாதிரித் தெரிவதற்கு அதுதான் காரணம். "மஞ்சள் அடிக்குது, நீலம் அடிக்குது" என்பது பெயின்ட் அடிக்கும் மேஸ்திரிமார், அதாவது பாஸ்மார் பேச்சு. இதைவிட நல்ல சொல் எனக்குத் தெரியாததால் இந்தப் பக்கம் முழுக்க அதையே சொல்கிறேன்.

பழைய ஆட்களுக்கு இது புதிதில்லை. தோட்டத்து லயன் வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடித்த காலத்தில், துணிக்குப் போடும் நீலத்தைக் கொஞ்சம் கரைத்துச் சுண்ணாம்பு வாளியில் ஊற்றுவார்கள். வெள்ளை இன்னும் வெள்ளையாகத் தெரியும். கை கூடிப்போனால் சுவர் முழுக்க நீலமாகிவிடும்.

"அட்டையில பாத்தா ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு. எப்பிடிப் பிரிச்சுப் பாக்கிறது?"

தனியாகப் பார்த்தால் கண் ஏமாறும். ஒரு வெள்ளை ஏ4 தாளில் இரண்டு அட்டைகளையும் பக்கம் பக்கமாக வைத்து, கடை வாசலுக்கு வெளியே போய்ப் பாருங்கள். தாளில் வெளுப்பூட்டி சேர்த்திருப்பதால் அது கொஞ்சம் நீலம் கலந்த வெள்ளை. அதன்மேல் வைத்ததும் "வெள்ளை" என்று நினைத்த அட்டை மஞ்சளோ, ரோஸோ, பச்சையோ என்று தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

இன்னொரு வழி, அட்டையில் அதே நிறக் கீற்றில் அடியில் இருக்கும் கடும் நிறத்தைப் பார்ப்பது. பல அட்டைகளில் ஒரே குடும்பத்து நிறங்களை வெளிரிலிருந்து கடுமை வரை வரிசையாக அடுக்கியிருப்பார்கள். மேலே உள்ள வெளிர் நிறத்தில் தெரியாத பச்சை, அடியில் பளிச்சென்று தெரியும்.

மூன்றாவது வழியை யாரும் கேட்பதில்லை. நிறம் கலக்கும்போது மெஷின் ஒரு ஸ்டிக்கர் அடித்துத் தரும். எந்தச் சாயம் எவ்வளவு என்பது அதில் இருக்கும். வாங்குவதற்கு முன்பே அதைத் திரையில் காட்டச் சொல்லுங்கள், காட்டுவோம். மேலே சொன்ன கணக்கை வைத்துப் பார்த்தால் அந்த நிறம் எந்தப் பக்கம் சாயும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

"கடையில பாத்தது ஒரு கலரு, வீட்டுல அடிச்சா வேற கலரு. மாத்திக் குடுத்துட்டீங்களா தம்பி?"

மாத்தவில்லை அம்மா. நானே மாட்டியிருக்கிறேன். எங்கள் வீட்டு முன்னறைக்குக் கடையின் டியூப் லைட்டுக்குக் கீழே நின்று ஒரு லைட் கிரே தெரிவு செய்தேன். நிறம் விற்கிறவனுக்கே தெரியாதா என்ற கொழுப்பு. வீட்டில் இரண்டு கோட் அடித்து முடித்த அன்று பின்னேரம் மிஸ்ட் இறங்கியது. சுவர் ஊதாவும் நீலமுமாக மாறி நின்றது. அம்மா தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலில் நின்று பார்த்துவிட்டு, "வார்ட்டுக்குள்ள வந்த மாதிரி இருக்கு" என்றார். அடுத்த பொங்கலுக்கு அதை மாற்றும்வரை அந்த அறைக்கு "வார்ட்" என்றுதான் பேர்.

நடந்தது இவ்வளவுதான். சுவருக்கென்று சொந்த வெளிச்சம் கிடையாது. விழுகிற வெளிச்சத்தைத்தான் திருப்பித் தரும். கடும் நிறத்தில் சாயம் நிறைய இருப்பதால் வெளிச்சம் மாறினாலும் அது ஓரளவு தாக்குப்பிடிக்கும். வெளிர் நிறத்தில் சாயம் சில துளிதான், அதனால் வெளிச்சத்தின் நிறம் அதை அமுக்கிவிடுகிறது. கடையில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு அட்டைகள் வீட்டில் வேறு வேறாகத் தெரிவதும் உண்டு. வேறு வேறு சாயங்களால் கலந்த நிறங்கள் ஒரு வெளிச்சத்தில் ஒத்துப்போய், இன்னொன்றில் பிரிந்துவிடும்.

அதோடு, அட்டை இரண்டு விரல் அகலம். நான்கு சுவரிலும் அடிக்கும்போது ஒரு சுவரின் நிறம் மற்றச் சுவரில் பட்டுத் திரும்பி இன்னும் தூக்கலாகும். இரண்டு படிகளுக்கு நடுவில் தடுமாறினால் வெளிர்ந்த படியை எடுங்கள்.

"எங்க பக்கம் வருஷத்துல பாதி மிஸ்டும் மழையும்தான். எது எடுபடும்?"

மஸ்கெலியா, நோர்வூட், வட்டவளை, கினிகத்தேனை ஆட்களின் கேள்வி இது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அந்தச் சரிவில்தான் மோதுகிறது. மப்பு வானத்தின் வெளிச்சம் மங்கலானது, நீலம் கலந்தது, நிழலே விழுத்தாதது. அந்த வெளிச்சத்தில் நீலம் அடிக்கும் வெள்ளையும் கறுப்பு மட்டும் விழுந்த கிரேயும் குளிராகத் தெரியும். கொஞ்சம் மஞ்சளும் சிவப்பும் விழுந்த ஓஃப் வைட் அங்கே வெறும் வெள்ளையாகத் தெரியும். மற்ற இடத்தில் "கொஞ்சம் மஞ்சளோ" என்று யோசிக்க வைக்கும் நிறம், வட்டவளையில் அளவாக இருக்கும். கிரேதான் வேண்டும் என்றால் மஞ்சளும் சிவப்பும் கலந்த கிரேயாகப் பாருங்கள், "கிரேஜ்" என்று விற்பது அதுதான்.

பண்டாரவளை, பதுளைப் பக்கம் கதை வேறு. அங்கே மழை பெரும்பாலும் வருடக் கடைசியில். ஜூன் முதல் செப்டம்பர் வரை காய்ந்த வெயில். அந்த வெயிலில் கிரீம் மஞ்சள் பூசினது மாதிரி ஆகிவிடும். தூய வெள்ளையும் லைட் கிரேயும் அங்கே நன்றாக நிற்கும். ஹட்டனில் இருக்கும் அக்கா வீட்டு நிறத்தைப் பண்டாரவளையில் இருக்கும் தங்கை கேட்டு வாங்கி அடித்துவிட்டு என்னிடம் சண்டைக்கு வருவது இதனால்தான்.

"வடக்குப் பாத்த ரூமுக்கு வார்ம் கலர்தான் அடிக்கணும்னு யூடியூப்ல சொல்றாங்களே?"

அந்த வீடியோ இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ எடுத்தது. அங்கே மத்தியானச் சூரியன் எப்போதும் தெற்குப் பக்கமாகத்தான் நிற்கும். அதனால் வடக்கு அறைக்கு நேர் வெயில் கிடைப்பது அரிது. நாங்கள் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு 7 பாகை வடக்கில். ஏப்ரல் முதல் வாரத்திலும் செப்டம்பர் முதல் வாரத்திலும் மத்தியான வெயில் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல் வரும். அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் மத்தியானச் சூரியன் எங்களுக்கு வடக்கே நிற்கும். மற்ற மாதங்களில் தெற்கே.

இதை மழையோடு சேர்த்துப் பாருங்கள். சூரியன் வடக்கே நிற்கும் காலத்தில் ஹட்டன் பக்கம் மப்பு, பண்டாரவளைப் பக்கம் வெயில். ஆகவே பண்டாரவளையில் வடக்கு அறைதான் வெயில் அறை. ஹட்டனில் ஜனவரி முதல் மார்ச் வரை வானம் திறந்திருக்கும்போது தெற்கு அறைக்குள் வெயில் வரும். வடக்கு, தெற்கைவிடக் கிழக்கும் மேற்கும் இங்கே முக்கியம். மலையில் காலை வெளுத்திருக்கும், மத்தியானத்துக்குப் பிறகு மேகம் ஏறும். கிழக்கு ஜன்னலுக்குக் காலை வெயில், மேற்கு ஜன்னலுக்கு மிஸ்ட். எதிரே மலை முகடு இருந்தால் கிழக்கு ஜன்னலுக்கும் எட்டு மணி தாண்டித்தான் வெயில். திசைகாட்டியைவிட, வீட்டில் இருந்து ஒரு நாள் முழுக்கப் பார்த்தவரின் பேச்சு நல்லது.

"லயன் காம்பரா இருட்டா இருக்கு. ஒரே ஒரு சின்ன ஜன்னல். பளிச்சுன்னு வெள்ள அடிச்சா வெளிச்சமாகுமா?"

கொஞ்சம் ஆகும், நினைக்கிற அளவுக்கு ஆகாது. சுவர் வெளிச்சத்தைத் திருப்புவதற்கு ஓர் அளவு உண்டு, எல்ஆர்வி என்று அட்டையின் பின்னாலோ கம்பனிப் புத்தகத்திலோ இருக்கும். 0 என்றால் முழுக் கறுப்பு, 100 என்றால் முழு வெள்ளை. தூய வெள்ளைப் பெயின்டுகள் 80க்கு மேல், ஓஃப் வைட் வகைகள் பல 70களில். இருட்டறைக்கு 75க்குக் கீழே போக வேண்டாம். ஆனால் 78க்கும் 82க்கும் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது, அதற்காக மண்டையை உடைக்க வேண்டாம்.

வெளிச்சமே வராத அறையில் தூய வெள்ளை சாம்பலாகத்தான் தெரியும். அங்கே மெல்லிய கிரீம் நல்லது. விறகு அடுப்பு அதே அறையிலோ பக்கத்திலோ இருந்தால் புகைக் கறையையும் அது கொஞ்சம் மறைக்கும். சீலிங்குக்கும் ஜன்னலைச் சுற்றி உள்சுவரில் ஒரு முழம் அகலத்துக்கும் மட்டும் தூய வெள்ளை அடியுங்கள். வருகிற கொஞ்ச வெளிச்சமும் முதலில் படுவது அங்கேதான்.

பழைய சுண்ணாம்பு இருக்கும் சுவர் என்றால், கையால் தேய்த்துப் பாருங்கள். வெள்ளைத் தூள் ஒட்டினால் சுரண்டி, கழுவி, காயவிட்டு, சீலர் என்ற அடிப்பூச்சு அடிக்காமல் இமல்ஷன், அதாவது தண்ணீரில் கலக்கும் சுவர்ப் பெயின்ட், அடிக்காதீர்கள். தோல் உரிவது மாதிரி உரிந்து வரும்.

"ராத்திரியில பாத்தா வேற கலரா இருக்கே?"

பல்ப்பைப் பாருங்கள். பெட்டியில் 3000கே, 4000கே, 6500கே என்று போட்டிருக்கும். 3000 மஞ்சள் வெளிச்சம், 6500 நீல வெள்ளை. இங்கே அதிகம் பேர் வாங்குவது 6500, "நல்ல வெளிச்சமா இருக்கு" என்று. கிரீம் சுவரில் 6500 விழுந்தால் நிறம் செத்துப்போகும், சில கிரீம்களில் பச்சை அடிக்கும்.

ஒரு டீச்சர் இரண்டாவது தடவை பெயின்ட் வாங்க வந்தார். அதே ஐவரியில் இன்னொரு படி வேண்டுமாம், இரவில் சுவர் நோயாளி முகம் மாதிரி இருக்கிறதாம். முதலில் இரண்டு பல்ப் மாற்றிப் பாருங்கள் என்று 3000இல் ஒன்றும் 4000இல் ஒன்றும் கொடுத்தனுப்பினேன். பெயின்ட் வாங்க அவர் திரும்பி வரவில்லை. முதலாளிக்கு இந்தக் கதை பிடிக்காது.

"ஜன்னலுக்கு எதிர்ச் சுவர் மட்டும் பச்சையா தெரியுது. டின்னு மாறிருச்சா?"

வெளியே என்ன இருக்கிறது? தேயிலை மலைதானே. வெயில் தேயிலையில் பட்டு ஜன்னல் வழியாக உள்ளே வரும்போது பச்சையையும் கூட்டிக்கொண்டு வருகிறது. அதே மாதிரி, சிவப்புச் சீமெந்து நிலம் பளபளவென்று பொலிஷ் போட்டிருந்தால் சுவரின் அடிப்பாகம் ரோஸாகத் தெரியும். பச்சை மலையைப் பார்க்கும் அறைக்குப் பச்சை அடிக்கும் நிறத்தைத் தவிர்த்து, துளி சிவப்பு விழுந்ததை எடுங்கள், இரண்டும் ஒன்றையொன்று தணிக்கும். சிவப்பு நிலத்துக்கு ரோஸ் சாய்ந்த மெக்னோலியா வேண்டாம்.

"சாம்பிள் எப்பிடி அடிச்சுப் பாக்கிறது? சுவத்துல ஒரு ஓரமா பூசினாப் போதுமா?"

சுவரில் பூசாதீர்கள். பழைய நிறத்துக்குப் பக்கத்தில் வைத்தால் புது நிறம் தன் நிறத்தைக் காட்டாது. பழைய சுவர் மஞ்சள் என்றால், புது ஓஃப் வைட் நீலமாகத் தெரியும். சுமார் 200 ஆண்டுகளுக்கு முன் பிரான்சில் கோபெலின் சாயப்பட்டறையில், கறுப்பு நூல் வெளிறித் தெரிகிறது என்று முறைப்பாடு வந்ததாம். செவ்ரூல் என்ற இரசாயனவியலாளர் பார்த்துவிட்டு, சாயத்தில் பிழையில்லை, பக்கத்தில் நெய்திருக்கும் நிறத்தின் வேலை என்று கண்டுபிடித்தார்.

பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு வாங்கும் வெள்ளை பிரிஸ்டல் போட் போதும். ஓரத்தில் இரண்டு விரல் வெள்ளை விட்டு, இரண்டு கோட் அடித்து, நன்றாகக் காயவிடுங்கள். இமல்ஷன் ஈரத்தில் வெளிர்ந்திருக்கும், காய்ந்தபின் கொஞ்சம் கடுக்கும். நுவரெலியா மாதிரி ஈரக் குளிரில் அதற்கு ஒரு முழு நாள் கொடுங்கள். பிறகு ஜன்னல் சுவர், எதிர்ச் சுவர், மூலை என்று மாற்றி மாற்றி ஒட்டிப் பாருங்கள். காலை எட்டு மணி, மிஸ்ட் இறங்கும் பின்னேரம், லைட் போட்ட இரவு என்று மூன்று நேரம். ஒரு லீட்டர் டின் வீண் என்று நினைக்க வேண்டாம், மிச்சத்தை அலுமாரிக்குப் பின்னால் அடிக்கலாம்.

"ஹோலுக்கு ஒரு ஓஃப் வைட், ரூமுக்கு கொஞ்சம் வேற ஓஃப் வைட். நல்லா இருக்குமா?"

கதவைத் திறந்ததும் இரண்டும் ஒன்றாகக் கண்ணில் படும் என்றால், வேண்டாம். கிட்டத்தட்ட ஒரே மாதிரியான இரண்டு நிறங்கள் பக்கத்தில் நின்றால் தெரிவு செய்தது மாதிரி இருக்காது, டின் முடிந்து வேறு டின் வாங்கினது மாதிரி இருக்கும். வித்தியாசம் வேண்டுமென்றால் கீற்றில் இரண்டு மூன்று படி இறங்குங்கள். தோட்டத் தொழிலாளருக்கான இந்திய வீடமைப்புத் திட்டத்தில் 7 பேர்ச்சஸ் காணியில் கட்டிய 550 சதுர அடி வீடுகளுக்கு நான் எப்போதும் சொல்வது, எல்லா அறைக்கும் ஒரே நிறம். வீடு பெரிதாகத் தெரியும், பெயின்டும் மீந்து வீணாகாது.

"வெள்ளக் கதவு ஒரு வருஷத்துலயே மஞ்சளாயிருச்சு. சுவர் அப்பிடியே இருக்கே?"

கதவுக்கு அடித்தது எண்ணெய் எனாமல். வெளிச்சம் படாத இடத்தில் அது மஞ்சளாகும், திரைச்சீலைக்குப் பின்னால் இன்னும் சீக்கிரம். சுவருக்கு அடித்த இமல்ஷன் அப்படி ஆகாது. தண்ணீரில் கலக்கும் எனாமலும் இப்போது வருகிறது, வெள்ளைக் கதவு வேண்டுமென்றால் அதை எடுங்கள். பழைய எனாமலுக்கு மேல் அடிப்பதென்றால் சாண்ட் பேப்பர் போட்டுத் தேய்த்துவிட்டு அடியுங்கள்.

"தீபாவளி முற்பணம் வந்ததும் அடிச்சிரலாம்னு இருக்கோம். பரவால்லயா?"

எல்லாரும் அப்போதுதான் அடிக்கிறார்கள், எனக்கு நல்ல வியாபாரம். ஆனால் ஒக்டோபர், நவம்பரில் பின்னேரம் தவறாமல் மழை. காற்றில் ஈரம் கூடினால் பெயின்ட் சீராகக் காயாது, வெளிர் நிறத்தில் திட்டுத் திட்டாகத் தெரியும். ஹட்டன் பக்கத்துக்கு ஜனவரி முதல் மார்ச் வரையும், பண்டாரவளை, பதுளை இருக்கும் ஊவாப் பக்கத்துக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரையும் நல்ல காலம். நுவரெலியாவில் ஜனவரியில் பனி உறையும் காலைகளும் உண்டு. வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே இருந்தால் இமல்ஷன் சரியாகப் பிடிக்காது, அங்கே பத்து மணிக்கு மேல் தொடங்கி மூன்று மணிக்குள் முடியுங்கள். தீபாவளிக்குத்தான் என்றால் அதே மாதிரி காலையிலேயே கோட்டை முடித்துவிடுங்கள்.

புதுச் சீமெந்துப் பூச்சு என்றால் குறைந்தது 28 நாள், இங்கே அதைவிடக் கூட. ஒரு பொலித்தீன் துண்டைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். உள்பக்கம் வியர்த்திருந்தால் காத்திருங்கள். பொறுக்காமல் அடித்தால் உப்புப் பூக்கும், நிறமும் வெளுக்கும்.

"மூலையில கருப்புக் கருப்பா பூஞ்சணம். கொஞ்சம் கடும் கலரா அடிச்சா மறையுமா?"

ஒரு மாதம் மறையும். ப்ளீச்சில் ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து தடவி, கால் மணி விட்டுக் கழுவி, காயவிட்டு அடியுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், வேறு எந்தக் கிளீனரோடும் ப்ளீச்சைக் கலக்கக் கூடாது. கூரை ஒழுகுகிறதா என்று முதலில் பாருங்கள்.

"ஒரு சுவத்துக்குக் குறைஞ்சிருச்சு. அதே நம்பர்ல இன்னொரு டின் தாங்க."

தருவேன், ஆனால் பக்கத்தில் வைத்தால் தெரியலாம். ஒன்றிரண்டு துளி சாயம் விழும் நிறத்தில் அரைத் துளி கூடினாலும் வித்தியாசம்தான். அதனால் முதலிலேயே கணக்குப் போடுங்கள். 10க்கு 12 அடி அறை, 9 அடி உயரம் என்றால் சுற்றளவு 44 அடி, சுவர் 396 சதுர அடி. கதவும் ஜன்னலும் போக சுமார் 350, அதாவது 32 சதுர மீற்றர். இரண்டு கோட்டுக்கு 65. ஒரு லீட்டருக்கு 10 முதல் 12 சதுர மீற்றர் என்று வைத்தால் ஆறு லீட்டர்.

எல்லா டின்னையும் ஒரே நாளில் வாங்கி, அடிப்பதற்கு முன் பெரிய வாளியில் ஒன்றாக ஊற்றிக் கலக்குங்கள். பாஸ் வேண்டாம் என்பார், விடாதீர்கள். குறைந்துவிட்டால் புது டின்னை நடுச் சுவரில் தொடங்காமல் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை முழுச் சுவராக அடியுங்கள். மூலையில் வெளிச்சம் எப்படியும் மாறும், கண் பிடிக்காது. டின் மூடியில் இருக்கும் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து வையுங்கள்.

"நீங்க சொன்னபடி எல்லாம் பாத்தாச்சு. ரெண்டு கலர் மிஞ்சி நிக்குது. எனக்கு ஒண்ணு, வீட்டுக்காரருக்கு ஒண்ணு. இப்ப என்ன செய்ய?"

பின்னேரம் ஆறு மணி, லைட் போடுவதற்கு முன், இரண்டு பிரிஸ்டல் போட்டையும் அந்த அறையின் ஆக இருட்டான சுவரில் ஒட்டுங்கள். வெளிச்சம் மங்க மங்க நம் கண்ணுக்குச் சிவப்பும் மஞ்சளும் அமுங்கி, நீலம் தூக்கும். நல்ல வெயிலில் இரண்டுமே அழகாகத்தான் இருக்கும், அதில் போட்டி இல்லை. அந்த மங்கலில் எது அழுக்காகவோ நீலமாகவோ தெரிகிறதோ, அதைக் கழற்றிவிடுங்கள்.

அப்போதும் பிரிக்க முடியவில்லை என்றால் இரண்டின் ஸ்டிக்கரையும் கொண்டு வாருங்கள், பார்ப்போம். வித்தியாசம் ஒரு சொட்டுக் கறுப்புதான் என்றால் விலை குறைந்ததை எடுத்து, மிச்சக் காசில் நல்ல ரோலர் ஒன்று வாங்குங்கள்.